முப்பத்தொரு மார்க் வாங்கிய கை

பிசியோதெரபிக்காரியின் தொழில், வராத கையைப் பார்த்து ‘வரும், வரும்’ என்று சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்வது. மாணவியாக இருந்தால் சம்பளம் இல்லாமல் சொல்வது.

முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்த இடம், ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரு நடுத்தர மருத்துவமனை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போனால் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். கார் சீட் செய்யும் பக்கத்துக் கம்பெனி ஒன்று அந்த மருத்துவமனைக்கு ‘மெய்நிகர்’ கருவி ஒன்றை நன்கொடையாகக் கொடுத்திருந்தது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு பெரிய டிவி, அதன் தலையில் ஒரு கேமரா, எதிரே ஒரு நாற்காலி. பக்கவாதம் வந்து கை விழுந்தவர் அங்கே உட்கார்ந்து கையை அசைத்தால் திரைக்குள்ளும் ஒரு கை அசையும். அந்தக் கை ஆப்பிள் பறிக்கும், பந்து தடுக்கும், மணி அடிக்கும். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் வரும். இந்த விளையாட்டால் நிஜக் கை எவ்வளவு தேறுகிறது என்பதுதான் என் ஆய்வு.

நன்கொடையாக வந்த சாமானுக்குக் காவல் இருந்தவர்களே, படித்த படிப்பை வைத்து ஒருவருக்கு நல்லது செய்யப் போய் முழித்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

ரிப்பன்

திறப்பு விழா பத்து மணிக்கு என்றார்கள். ஒன்பதுக்கே எட்டு நோயாளிகளைக் கொண்டுவந்து வரிசையாக உட்கார வைத்து, கம்பெனி பெயர் போட்ட தொப்பியைத் தலையில் மாட்டினார்கள். கையைத் தூக்க முடியாதவர்களுக்குக் கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி பிரசன்னா தாமே மாட்டிவிட்டார். நல்ல பிள்ளை போலப் பேசுவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருந்தாலும் வார்த்தைக்கு ஒரு மேடம். ‘தொப்பி எதற்கு?’ என்று கேட்டேன். ‘போட்டோவுல தெரியணும்ல மேடம்’ என்றார். ‘நோயாளி தெரிய வேண்டுமா, கம்பெனி தெரிய வேண்டுமா?’ என்றேன். அதற்கும் சிரித்தார். இப்படிச் சிரிக்கிற ஆளோடு சண்டை போடுவது, தலையணையைக் குத்துவது மாதிரி.

பெரிய அதிகாரி வந்தபோது மணி பன்னிரண்டரை. ரிப்பன் வெட்டினார், நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரு நிமிஷத்தில் மரத்திலிருந்த ஆப்பிள் அத்தனையையும் பறித்தார். திரையில் பட்டாசு வெடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தட்ட முடியாத எட்டுப் பேரைத் தவிர. அவர் எழுந்து அந்த எட்டுப் பேரையும் பார்த்து உற்சாகமாகச் சொன்னார்: “பார்த்தீங்களா, எவ்வளவு ஈஸி! மனசு வெச்சா போதும்!”

எழுந்திருக்காத பயணி

இசக்கிமுத்து அந்த எட்டுப் பேரில் ஒருவர். இருபத்தாறு வயது, கோவில்பட்டிப் பக்கம். அதே கம்பெனியில் சீட் சட்டத்துக்கு போல்ட் முடுக்கும் லைனில் ட்ரெயினி. ட்ரெயினி என்றால், நிரந்தர ஆள் செய்யும் அதே வேலையை, அதே லைனில், பயிற்சி என்ற பெயரில் மூன்று வருஷம் செய்பவர். மூன்று வருஷம் முடிந்தால் சிலரை நிரந்தரமாக்குவார்கள். இவருக்கு அதற்கு ஐந்து மாதம் பாக்கி இருந்தது. வலது கை தேறிவிட்டது என்று மருத்துவமனை சொன்னால் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. வாடகை அறையில் கூடத் தங்கியிருந்த ஐந்து பேர் முறைபோட்டு இவருக்குச் சட்டை பட்டன் போட்டுவிட்டார்கள். ஊரில் அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. போனில், ‘ஓவர்டைம் நெறைய இருக்கும்மா, லீவு இல்ல’ என்று சொல்லி வைத்திருந்தார்.

பக்கவாதம் எப்போது வந்தது, எப்படி வந்தது என்று நோயாளிகளிடம் எழுதி வாங்க வேண்டும். அப்போதுதான் சொன்னார். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டுக் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். ஏறினவுடன் தூங்குவது அந்த பஸ்ஸில் எல்லாருக்கும் வழக்கம். வடக்குப்பட்டு ஸ்டாப்பில் மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். இவருக்கு நினைவு இருக்கிறது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கத்தவும் வரவில்லை. பஸ் திரும்பப் போய்க் கம்பெனி வாசலில் நின்றது. டிரைவர் வந்து தோளைத் தட்டினாராம். “அவரு மேல தப்பில்ல மேடம்” என்று சொல்லிவிட்டு, அந்த டிரைவர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: “இன்னாபா, இன்னும் தூங்கிகினு கீறே? அடுத்த ஷிப்ட்டு ஆளுங்க ஏறணும், சீட்ட வுடுபா!”

ஆப்பிள் மரம்

எட்டுப் பேரில் இன்னொருவரான செல்வி அக்காவுக்கு விழுந்தது இடது கை. வடக்குப்பட்டுக்காரர், ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஒப்பந்தத்தில் பாத்திரம் கழுவியவர். கருவி வந்த முதல் வாரமே என்னை வாயடைக்க வைத்தவர். எனக்கு அது அடிக்கடி நடக்காது.

“இன்னாமா இது, ஆப்பிளு? நான் எந்தக் காலத்துல மரத்துல ஆப்பிள் பறிச்சேன்? கொடியில துணி போடற மாதிரி கீதா? அண்டாவ எறக்கற மாதிரி கீதா?” என்று கேட்டார். இல்லை. பனி மலையில் சறுக்குவது இருந்தது, கோல்ஃப் இருந்தது. இதைச் செய்தவர்கள் எந்த ஊர்க் கையை நினைத்துச் செய்தார்களோ தெரியாது. சமையலறைக்குள் போன கையை நினைக்கவில்லை.

ஒரு நாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்குகிறார், வியர்வை சொட்டுகிறது. திரையில் ஆப்பிள் மளமளவென்று விழுகிறது. எனக்குச் சந்தேகம் வந்து திரும்பினால், பின்னால் அவர் புருஷன் நின்றுகொண்டு, ‘இப்டி தூக்கு, இப்டி!’ என்று இரண்டு கையையும் வீசிக்கொண்டிருக்கிறார். அறை சின்னது, கேமரா அக்காவை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. மார்க் எழுபத்தெட்டு. நான் அழிக்கப் போனேன். அக்கா திரையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார். “வுடுமா. ஒழைக்கறது நானு, பேரு இந்தாளுக்கு. வூட்லயும் அப்டித்தான்.”

கட்டு

மூன்றாம் வாரத்தில் இசக்கிமுத்து தொண்ணூற்றிரண்டு எடுத்தார். இருந்த எட்டுப் பேரில் அதுதான் அதிகம். நான் குதித்தேன். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து பதிவை ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எட்டியது கை அல்ல, இடுப்பு. கை போகாத இடத்துக்கு உடம்பையே சாய்த்துக் கொண்டுபோய், தோளைத் தூக்கி வீசிப் பழத்தைப் பறித்திருந்தார். இப்படியே பழகினால் தேற வேண்டிய கை தேறாமல் போகும், உடம்பும் கோணிக்கொள்ளும். கேட்டதற்கு அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. “லைனு நிக்காதுல்லா மேடம். கை எட்டலேன்னா உடம்பக் கொண்டு போயி எட்ட வைப்போம். சீட்டு நமக்காகக் காத்துக்கிட்டா கெடக்கும்?”

மறுநாள் அகலமான துணிப்பட்டையால் அவர் மார்பை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினேன். இது என் கொடுமை இல்லை, முறையே அதுதான். உடம்பு சாய வழியில்லாவிட்டால் கை தானாக வேலை செய்தே ஆக வேண்டும். மார்க் முப்பத்தொன்று வந்தது. முகம் தொங்கிப்போயிற்று. இதுதான் உண்மையான நம்பர், இங்கிருந்து ஏறினால்தான் ஏற்றம், தொண்ணூற்றிரண்டு என்பது நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்ட பொய் என்று பத்து நிமிஷம் பேசினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “எல்லாஞ் சரி மேடம். கம்பெனியில என்னய யாரு கட்டிப் போடப் போறா?”

ஒரே ஒரு நம்பர்

ஆறாம் வாரம் பிரசன்னா போன் செய்தார். இசக்கிமுத்துவின் அறிக்கை வேண்டுமாம். கை எதுவரை தூக்குகிறது, விரல் எப்படிப் பிடிக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். ‘அதெல்லாம் வேணாம் மேடம். உங்க மெஷின்லயே மார்க் வருதே, லேட்டஸ்டா ஒரு நம்பர் அனுப்புங்க. எழுபதுக்கு மேல இருந்தா ஓகே’ என்றார். எழுபது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கம்பெனியில் எல்லாத் தேர்வுக்கும் எழுபதுதானாம். இது கையை நீட்டப் பழக்கும் விளையாட்டு, வேலைக்குத் தகுதியைச் சொல்லும் தராசு அல்ல என்று அரை மணி வாதாடினேன். மருத்துவமனைத் தலைமை மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, கருவி கொடுத்தவர்கள் கேட்டால் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

சரி, எந்த நம்பர்? கட்டாதபோது எடுத்தது தொண்ணூற்றிரண்டு. கட்டியபின் எடுத்தது முப்பத்தொன்றிலேயே நின்றது. ஆய்வு முறைப்படி கட்டாத மார்க் செல்லாது. நானே என் நோட்டில் அதைச் சிவப்பில் அடித்திருந்தேன். இசக்கிமுத்து நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் தேய்த்துக்கொண்டே, “அந்தப் பழைய நம்பர எழுதக் கூடாதா மேடம்?” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய் எழுத மாட்டேன், உண்மையை எழுதி அதற்கு விளக்கமும் எழுதுவேன், மார்க்கை வைத்து ஆளை எடை போடுவது தப்பு என்பதை அவர்களுக்குப் புரிய வைப்பேன் என்றேன். கல்லூரி மேடையில் இந்த மாதிரி பேச்சுக்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். முப்பத்தொன்று என்று எழுதி, அதன் கீழே நாலு பக்கம் எழுதினேன். கையெழுத்துப் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: “செரி மேடம். நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாதா.”

மஞ்சள் கோடு

பத்தாம் நாள் இசக்கிமுத்துவுக்குக் கடிதம் வந்தது. உடல் தகுதி இல்லாததால் பயிற்சி முடித்துக்கொள்ளப்படுகிறது. எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். வாழ்த்தை வேறு தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நான் நேரே கம்பெனிக்குப் போனேன். வாசலில் போனின் கேமரா மேல் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள், கழுத்தில் விசிட்டர் அட்டை மாட்டினார்கள். தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று சொல்லிக் கூட ஓர் ஆளை அனுப்பினார்கள். கோபத்தோடு போகிறவளை ஒடுக்கமான கோட்டுக்குள் நடக்கவிட்டால் பாதிக் கோபம் வழியிலேயே வடிந்துவிடும். அதற்காகத்தான் போட்டிருக்கிறார்களோ என்னவோ. பிரசன்னா எழுந்து நின்று வரவேற்றார், காபி சொன்னார். நாலு பக்கத்தையும் படித்தீர்களா என்றேன். “முழுசா படிச்சேன் மேடம். பிரமாதமா எழுதியிருக்கீங்க. ஆனா எங்க சிஸ்டத்துல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு, அதுல நம்பர் மட்டும்தான் ஏறும்.”

கட்டத்தை விடுங்கள், ஆளைப் பாருங்கள் என்றேன். கம்பெனியில் புது ஆட்களைப் பழக்கிப் பரீட்சை வைக்கும் அறை ஒன்று உண்டு. டோஜோ என்பார்கள், ஜப்பான் வார்த்தை. அங்கே ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். எட்டு போல்ட்டை ஒரு நிமிஷத்துக்குள் பொருத்தினால் லைனுக்குப் போகலாம். இசக்கிமுத்துவுக்கு அந்தப் பரீட்சையை வையுங்கள், தோற்றால் நான் வாயைத் திறக்கவில்லை என்றேன். பிரசன்னா உண்மையிலேயே வருத்தப்பட்டார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. “டோஜோவுக்குள்ள எம்ப்ளாயீஸ் மட்டும்தான் மேடம் போகலாம். அவர் இப்ப எம்ப்ளாயீ இல்லையே?”

எட்டு போல்ட்

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு வெல்டிங் கடை. ஓர் இரும்புப் பட்டையில் எட்டு ஓட்டை போட்டு வாங்கினேன்; போல்ட்டும் நட்டும் பக்கத்துக் கடையில். மருத்துவமனை மேஜையில் அதை வைத்தேன். டிவியை நிறுத்தினேன். கட்டு எதுவும் போடவில்லை. செல்வி அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ‘ம், போடுபா!’ என்றார்.

இசக்கிமுத்து சாய்ந்தார், இடுப்பைக் கொண்டுபோனார். இடது கையால் போல்ட்டை எடுத்து வலது கைக்குக் கொடுத்தார். வலது கை பிடித்துக்கொள்ள, இடது கை நட்டைத் திருகிற்று. வலது கை நடுங்கிற்று, ஆனால் விடவில்லை. எட்டாவது நட்டு இறுகியபோது நொடி முள் இன்னும் ஒரு சுற்று முடித்திருக்கவில்லை. இதை நான் அறிக்கை எழுதுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். நானே படமெடுத்து நாலு பக்கத்துக்குப் பதிலாக அதை அனுப்பியிருக்க வேண்டும். முறைக்கும் மார்க்குக்கும் நடுவே வாதம் செய்துகொண்டிருந்ததில், ஆள் வேலையைச் செய்கிறாரா என்று வேலையைக் கொடுத்துப் பார்க்க எனக்கே தோன்றவில்லை. கம்பெனியைச் சொல்கிறேனே, எனக்கு மட்டும் எத்தனை கட்டம் இருந்தது? செல்வி அக்கா ஒரு கையால் தொடையைத் தட்டிக் கைதட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “சுளுவா போட்டுட்டானேமா. இத்த இப்ப யாருகிட்ட காட்டுவே?”

பதில்

மறுபடி ஒருமுறை செய்யச் சொல்லி, போனில் படமெடுத்து பிரசன்னாவுக்கு அனுப்பினேன். ஒரு வரியும் எழுதவில்லை. என் வாழ்நாளில் அதுதான் நான் எழுதிய மிகச் சிறிய கடிதம். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு போன் வந்தது. இசக்கிமுத்து பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். “வீடியோ சூப்பர் மேடம்! மேலிடத்துல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. நாங்க கொடுத்த மெஷினால கை தேறிடுச்சுன்னு எங்க வருஷ மலர்ல போட்டுக்கலாமான்னு கேக்கறாங்க.”

பன்னிரண்டாம் வாரம்

என் ஆய்வுக்கு ஒவ்வொருவரிடமும் பன்னிரண்டாம் வாரம் கடைசி அளவு எடுக்க வேண்டும். இசக்கிமுத்துவை நான் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? வேலை போன மாதத்தோடு கம்பெனி கணக்கில் நடந்த இலவச சிகிச்சையும் நின்றது. அறையைக் காலி செய்து மறுநாள் ஊருக்குப் போகிறார் என்று செல்வி அக்கா சொல்லித்தான் தெரியும். அம்மாவிடம் ரயில் ஏறியபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறாராம்.

காலை பத்து மணிக்குத் தோளில் பையோடு வந்து நின்றார். சட்டை பட்டனை அன்று அவரே போட்டிருந்தார். மேல் பட்டன் ஒன்று தள்ளிப் போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுங்கள் என்பதுபோல முதுகை நிமிர்த்திக் காட்டினார். வேண்டாம், நீங்கள் போங்கள், ஒருவர் குறைந்தால் பரவாயில்லை என்றேன். பொய், இருப்பதே எட்டுப் பேர், ஒருவர் குறைந்தால் என் ஆய்வு இன்னும் ஆறு மாதம் இழுக்கும். அவர் பட்டையின் ஒரு முனையை எடுத்து வலது கையால் என்னிடம் நீட்டினார். இடுப்பு சாயவில்லை. கைதான் நீண்டது. கட்டினேன். ஐம்பத்தெட்டு எடுத்தார். கொஞ்சமும் ஏமாற்றாத, எல்லா முறையும் சரியாக உள்ள, யாருக்கும் தேவைப்படாத ஐம்பத்தெட்டு. அவிழ்த்துவிட்டு நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பேசித்தானே எனக்குப் பழக்கம். அவர் பையை மாட்டிக்கொண்டு சிரித்தார்: “விடுங்க மேடம். என் ட்ரெயினிங்குதான் முடியல. ஒங்க படிப்பாவது முடியட்டும்.”

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘இம்முறை நல்ல பலன் தருகிறது’ என்று எழுதிக் கொடுத்துப் பட்டமும் வாங்கிவிட்டேன். பலன் யாருக்கு என்று தேர்வாளர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.